வெண்கொற்றக்குடையின் ஈசானிய மூலை

மதியூரில் எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர்கள். ஒன்று இயக்குநர் திரிலோகநாதன் வைத்தது, மற்றது மனிதர்கள் கூப்பிடுவது. நிலவில் தமிழர்கள் குடியேறிய அந்தச் சிற்றூரின் சாப்பாட்டுக்கூடத்துக்கு அவர் 'அறுசுவை அரங்கம்' என்று பெயர் வைத்தார். ஊர் மெஸ் என்றது. கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் ஆலைக்குப் 'புதுப்பொருநை' என்று பெயர் வைத்தார். ஊர் அதற்கு வைத்த பெயரை அச்சில் போட முடியாது. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள் காற்றை ஊருக்குள் விடாமல் தடுக்கும் காந்த வேலிக்கு அவர் வைத்த பெயர் 'வெண்கொற்றக்குடை'. ஊருக்கு அது வெறும் குடை. அந்தக் குடை கண்ணுக்கே தெரியாது. தெரியாத பொருளுக்கு வெள்ளை என்று நிறம் சொல்லும் துணிச்சல் இயக்குநர்களுக்குத்தான் வரும்.

அன்று குடைக்கு விழா. ஓராண்டாக ஒரு கசிவுகூட இல்லை என்று பொறித்த கல்லைத் திறந்துவைக்கப் பூமியிலிருந்து வாரியத் தலைவரே வந்திருந்தார். கலையரங்கத்தில் பொன்னாடைகள் காத்திருந்தன. குடையை இயக்கும் கட்டுப்பாட்டறையில் மட்டும் இரண்டே பேர். அந்த வேளைப் பணிக்குப் பொறுப்பாளர் ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரி. பக்கத்து இருக்கையில் ராயபுரத்துத் தணிகாசலம். வயதில் மூத்தவர், பதவியில் இளையவர், இரண்டைப் பற்றியும் கவலைப்படாதவர்.

"மேடம், இத்தக் கேளுங்க. கொடை எப்டி வேலை செய்யுதுன்னு தலைவருக்குப் புரியுற மாதிரி எழுதித் தரச் சொன்னாரு டைரக்டரு. எழுதிட்டேன்."

"படிங்க, தணிகா சார்."

"சூரியக் காத்துன்றது ஒரு டவுன் பஸ்ஸு. ஃபுட்போர்டு வரிக்கும் கூட்டம். நம்ம கொடை ஒரு ஸ்டாப்பு. வர்ற வேகத்துக்கு டிரைவரு திடுக்குனு பிரேக்க மிதிச்சா இன்னாவும்? மொத்தக் கூட்டமும் முன்னால வந்து அப்பும். அதான் அதிர்ச்சி அலை. அதுக்கப்புறம் உள்ள தள்ளுமுள்ளு. 'யோவ், கால மிதிக்காத', 'பைய எடு', 'நீ எட்றா'. அதான் கொந்தளிப்பு."

"மறு இணைவு?"

"வர்றேன். தள்ளுமுள்ளுல இவன் ஹெட்போன் ஒயரும் அவன் ஒயரும் பின்னிக்கும் பாருங்க, அதுமாரி. கொடையோட காந்தக் கோடும் காத்து இட்டாந்த காந்தக் கோடும் எதுருக்கெதுரா ஒரசி, ரெண்டும் அறுந்து, இதோட தலை அதோட வாலுல போயி மாட்டிக்கும். மாட்டுற செகண்டுல பளார்னு ஒரு அறை. கொடையில ஓட்ட. துகளுங்கள்லாம் புனல்ல ஊத்துனாப்ல ஒரே எடத்துல கொட்டும். முடிஞ்சிது."

"நல்லாத்தான இருக்கு. அவரு என்ன சொன்னாரு?"

"டவுன் பஸ்ஸ எட்த்துட்டு ராஜாவோட தேருன்னு போட்டுட்டாரு. தேருல ஏதுங்க மேடம் தள்ளுமுள்ளு? ராஜா ஒருத்தன்தான் குந்தினு வருவான்."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே காவல் நிற்கும் விண்கலம் எண்களை அனுப்பிக்கொண்டிருந்தது. எண்கள் ஏறிக்கொண்டிருந்தன.

கசிவே இல்லாத குடை எப்படி வந்தது என்பதைக் கல்லில் பொறிக்கவில்லை, இங்கே சொல்லிவிடலாம். ஓட்டை விழாத குடை உலகத்தில் கிடையாது. மதியூர் கட்டப்பட்டபோது வாஸ்து பார்த்தார்கள். அதை வாஸ்து என்று சொல்லக் கூடாது, 'மரபுவழி இடவியல் ஆலோசனை' என்று சொல்ல வேண்டும். ஆலோசகர் ஈசானிய மூலையை, அதாவது வடகிழக்கை, காலியாக விடச் சொன்னார். நிலவுக்கு என்று காந்த வடக்கு ஏது, திசைகாட்டியை வைத்தால் அது திருதிருவென்று விழிக்குமே என்று ஓர் இளம் பொறியாளர் கேட்டார். அவர் இப்போது பூமியில் இருக்கிறார். பிறகு குடையின் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அதற்கு ஒரு வடக்கு பிறந்தது. அந்த வடக்கிலிருந்து ஓர் ஈசானியம் பிறந்தது. ஏற்கெனவே கட்டி முடித்திருந்த மூன்று வரிசை அறைகள் அந்த மூலையில் மாட்டிக்கொண்டன. அவற்றைப் பூட்டி, காலி என்று அறிவித்தார்கள்.

காலி இடம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓர் உபயோகம் வந்துவிடும். சுருளைச் சற்றே சாய்த்தால் ஓட்டை எந்தப் பக்கம் விழும் என்று தீர்மானிக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். விழாமல் தடுக்க முடியாது, விழும் இடத்தை மட்டும் சொல்லலாம். ஆகவே புயல் வரும்போதெல்லாம் ஈசானியம் பக்கம் சாய்த்தார்கள். ஆளில்லாத இடத்தில் விழுவது கசிவு ஆகாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அன்றிலிருந்து மதியூரில் கசிவு சுழியம்.

அந்த இடம் உண்மையாகவே காலியாக இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். மதியூரில் குடியிருப்பு தனியாட்களுக்கு மட்டும். கல்யாணம் செய்துகொள்ளத் தடையில்லை. இயக்குநரே நேரில் வந்து, பதினாறு பேறுகளையும் ஒவ்வொன்றாக எண்ணி வாழ்த்துவார். வாழ்த்து முடிந்ததும் மாப்பிள்ளை ஆண்கள் பகுதிக்கும் பெண் பெண்கள் பகுதிக்கும் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டைச் சகிக்க முடியாத தம்பதிகள் ஒவ்வொருவராக ஈசானியத்துக்குக் குடிபோனார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரியும். அலுவலகத்துக்கு மட்டும் தெரியாது, அதாவது, தெரியும்.

ஜெசிந்தாவின் தம்பி ரொசாரியோவும் அவன் மனைவி சகாயராணியும் அங்கே போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. அவர்கள் போனதிலிருந்து சூரியன் சமர்த்தாக இருந்தது, ஒரு புயல்கூட வரவில்லை. ராணி இப்போது தன் அளவைவிடப் பெரிய வேலைச்சட்டை போட்டுக்கொண்டு நடமாடினாள். ஏன் என்று ஊருக்குப் புரிந்தது. அடுத்த கப்பலில் பூமிக்குப் போய்ப் பெற்றுக்கொள்வதாகத் திட்டம்.

"மேடம்," என்றார் தணிகாசலம். குரலில் விளையாட்டு இல்லை. "இது டவுன் பஸ்ஸு இல்ல. தண்ணி லாரி."

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். சூரியன் துப்பிய ஒரு பெரும் பிழம்பு, தனக்கு முன்னால் தனக்கென்றே ஓர் அதிர்ச்சி அலையைத் தள்ளிக்கொண்டு வந்தது. குடைக்கு முன்னால் எப்போதும் நிற்கும் அலையின்மேல் அது வந்து மோதும். இரண்டு அலைகள் மோதினால் நடுவில் கொந்தளிப்பு எந்த அளவில் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கவே தேவையில்லை. போதாததற்குப் பிழம்பின் காந்தக் கோடுகள் குடையின் கோடுகளுக்கு நேர் எதிராகத் திரும்பியிருந்தன.

"ஓட்டை எம்புட்டு?"

"ஓட்டையா? கதவுன்னு சொல்லுங்க. மூணு வரிசையும் உள்ள போவும்."

அவள் தம்பியைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "எடுல... போனை எடுல, மூதேவி." ராணியின் எண்ணுக்கும் அதே கதை. ஈசானியத்தில் அபாயச் சங்கு கிடையாது, காலி இடத்தில் சங்கு எதற்கு? சுரங்கப்பாதையைக் காட்டும் கேமராவைத் திறந்தாள். ஈசானியத்துக்குப் போகும் கதவில் வெளியிலிருந்து பூட்டுத் தொங்கியது. வாரியத் தலைவர் போகும் வழியில், கொடியில் காயும் துணிகளோடு ஒரு காலி இடம் தெரிந்துவிடக் கூடாதே.

"உள்ள வச்சிப் பூட்டிட்டானுவ," என்றாள் ஜெசிந்தா. "தணிகா சார், பூட்டிட்டானுவ!"

"டைரக்டருக்குப் போடுங்க மேடம்."

இயக்குநர் மூன்றாவது முயற்சியில் எடுத்தார். மேடையிலிருந்து பேசுகிறார் என்பது கிசுகிசுப்பிலேயே தெரிந்தது. கிசுகிசுக்கும்போதும் அவர் செந்தமிழிலேயே கிசுகிசுத்தார்.

"தலைவர் உரையாற்றிக்கொண்டிருக்கிறார் அம்மா."

"சார், பெரிய புயல் வருது. குடையை இறக்கணும்."

"என்ன செய்ய வேண்டும்?"

"இறக்கணும் சார். முழுசா. ஸ்டாப்பே இல்லேன்னா பஸ் பிரேக் போடாது. அதிர்ச்சி இல்ல, தள்ளுமுள்ளு இல்ல, கோடு அறுந்து மாட்டாது. காத்து பாட்டுக்கு ஊரை உரசிட்டுப் போயிரும்."

"என்ன பஸ்?"

"தேர், சார்."

"வெண்கொற்றக்குடையைத் தாழ்த்துவது என்றால் என்ன பொருள் என்று அறிவீர்களா? தோற்ற மன்னன்தான் குடை தாழ்த்துவான். அதுவும் இன்று! விருந்தினரின் தலைக்கு மேல்!"

"தலைக்கு மேலதான் சார். எல்லார் தலைக்கு மேலயும் கொஞ்சம் கொஞ்சம் விழும். ரெண்டு எக்ஸ்ரே எடுத்த அளவு, அவ்வளவுதான். சாய்ச்சா ஈசானியத்துல இருக்கிறவங்களுக்கு ஆயுசுக்கும் சேர்த்து ஒரே நாளுல விழுந்திரும். அங்க புள்ளத்தாச்சிங்க இருக்காங்க சார்."

"ஈசானியத்தில் யாரும் இல்லை."

"சார், உங்களுக்கே தெரியும்..."

"நான் சொல்கிறேன் அம்மா. இன்று அங்கே ஒருவர்கூட இல்லை. உறுதியாகச் சொல்கிறேன். விதிப்படி சாய்த்துவிடுங்கள்."

அவர் குரலுக்குப் பின்னால் கைதட்டல் மடமடவென்று எழுந்தது. வாரியத் தலைவர்களின் பேச்சுக்கு அப்படி ஒரு கைதட்டலை ஜெசிந்தா கேட்டதில்லை. இணைப்பு அறுந்தது.

"இல்லயாம்," என்றாள். "உறுதியா சொல்லுதாராம். ஆண்டவரே, இந்த மனுசனுக்கு நாக்குல நரம்பே கிடையாதா?"

தணிகாசலம், குடையைச் சாய்க்கும் சக்கரத்தின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "மேடம், ஒண்ணு சொல்லட்டா? ஈசானியம் வேணாம்னா வேற பக்கமும் சாய்க்கலாம். இம்மாந்தூண்டு திருப்புனா கலையரங்கம். பொன்னாட போத்திக்கினு ஒக்காந்துனுக்கீறாங்க. ஒருத்தர் மேலயாவது கசிவுன்னா இன்னான்னு தெரியட்டுமே."

தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் ஜெசிந்தா எழுந்து வந்து அவர் கையை விலக்கிவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தாள். பிடித்த பிடியைப் பார்த்துத் தணிகாசலத்தின் முகம் மாறியது. அவள் திருப்பினாள். திரையில் ஓட்டையைக் காட்டும் சிவப்புத் திட்டு ஈசானியத்தை விட்டு நகர்ந்தது, மெஸ்ஸைத் தாண்டியது, அரங்கத்தின் கூரையில் ஏறியது. அங்கேயே நின்றது. அரங்கத்தில் ஒரு முதல் வரிசை இருக்கிறது, அதில் சோபாக்கள் இருக்கின்றன, சோபாக்களில் ஈசானியத்தில் ஆளே இல்லை என்று கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் இருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். நினைக்க நினைக்க அது நியாயமாகவே பட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"மேடம்... நான் சும்மா சொன்னேன்."

அவள் சக்கரத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"இறக்குவோம்."

"அதுக்கு ரெண்டு கை வேணும். ஒங்க சாவி, என் சாவி."

"அதான் கேக்கேன்."

"வேல போவும்."

"போவும்."

தணிகாசலம் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினார். "என் பொண்டாட்டி பூமியில கீறா. அதனாலதான் இங்க நிம்மதியாக் கீறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லினு திரியறேன். அந்தப் பொண்ணு இன்னா பண்ணிச்சு பாருங்க, இந்த வெறும் பாறையில வந்து, புருசனோடதான் இருப்பேன்னு குந்திக்கிச்சு. அதுக்காவது போட்லாம் மேடம். திருப்புங்க."

இருவரும் ஒரே நேரத்தில் சாவியைத் திருப்பினார்கள். வெண்கொற்றக்குடை தாழ்ந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. அதிர்வு இல்லை, சத்தம் இல்லை, விளக்குகூட மினுக்கவில்லை. சூரியன் துப்பியது நிறுத்தமில்லாத பேருந்தாக ஊரைக் கடந்து போனது. ஊர் முழுக்க அளவுமானிகளில் எண்கள் எழுந்தன. மெஸ்ஸிலும் அரங்கத்திலும் இயக்குநர் மாளிகையிலும் ஈசானியத்திலும் ஒரே எண். மதியூர் உண்டானதிலிருந்து எல்லோருக்கும் சமமாகக் கிடைத்த முதல் பொருள் அது. எண்கள் மெல்லத் தணிந்ததும் குடையைத் திரும்ப ஏற்றினார்கள்.

சற்று நேரத்தில் இயக்குநரே கூப்பிட்டார். ஜெசிந்தா திட்டு வாங்கத் தயாராகிக்கொண்டு எடுத்தாள்.

"அபாரம் அம்மா! இவ்வளவு பெரிய புயலில் ஓர் ஓட்டைகூடப் பதிவாகவில்லை! தலைவர் மெய்சிலிர்த்துப்போனார். கல்லைத் திறந்தாயிற்று."

இல்லாத குடையில் ஓட்டை எப்படிப் பதிவாகும் என்று ஜெசிந்தா சொல்லவில்லை. தணிகாசலம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவளுக்கும் முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. வேலை போகவில்லை, தம்பி பிழைத்தான், ராணி பிழைத்தாள். ஒரு நாளைக்கு இதற்கு மேல் யாரால் கேட்க முடியும்?

"பாத்துட்டு வந்திருதேன்," என்று கிளம்பினாள்.

நிலவில் அவசரமாக நடப்பது கௌரவமான காட்சி அல்ல. நடை துள்ளலாகிவிடும். கவலையோடு போகிறவரும் விளையாடப் போகிறவரைப் போலத்தான் தெரிவார். ஜெசிந்தா அப்படித் துள்ளித் துள்ளி ஈசானியக் கதவுக்கு வந்தாள். காவலாளி கோதண்டம் அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான்.

"உள்ள ஆளுகளை வச்சிப் பூட்டிருக்கீங்களே, மனுசங்களா நீங்க?"

"உள்ள யாரும்மா இருக்கா? எல்லாரும் காலைல இருந்து கலையரங்கத்துல இல்ல இருக்காங்க."

"யாரு?"

"இந்த வீட்டுக்காரங்கதான். ஆபீஸ்ல இருந்து வந்து மொத்தமா கூட்டிட்டுப் போனாங்களே."

அவளுக்குப் பின்னால் பேச்சும் சிரிப்புமாகக் கூட்டம் வந்தது. ஆளுக்கு ஓர் எலுமிச்சைச்சாதப் பொட்டலம். முன்னால் ரொசாரியோ, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சகாயராணி.

"அக்கா! நீ எங்க இங்க?" என்றான் ரொசாரியோ. "நல்ல விழாவ விட்டுட்டியே. நாற்காலி எல்லாம் காலியாக் கெடக்குமாம், தலைவரு மொகத்துக்கு நேரா. அதான் விடியுமுன்ன எங்களப் பொறுக்கிட்டுப் போயிட்டாவ. போனையெல்லாம் வாசல்லயே வாங்கிப் பையில போட்டுக் கெட்டிட்டானுவ. ஒருத்தன் முன்னால நின்னு கையத் தூக்குவான், நாங்க தட்டணும். உள்ளங்கை செவந்து போச்சு."

இயக்குநர் திரிலோகநாதன் தம் பணிக்காலத்திலேயே ஒரே ஒரு முறை உண்மை சொன்னார். ஈசானியத்தில் ஒருவர்கூட இல்லை. ஏன் இல்லை என்று அவரால் சொல்ல முடியாது. சொன்னால் நேற்றுவரை இருந்தார்கள் என்று ஆகிவிடும்.

சாய்த்திருந்தால் வெறும் சுவர்களில் கொட்டியிருக்கும். ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. சக்கரத்தைத் திருப்பிய இடத்திலேயே விட்டிருந்தால்... ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். சிவப்புத் திட்டு அரங்கத்தின் கூரையில் நின்றது தெரிந்தது. கண்ணைத் திறந்தாள்.

"என்ன மைனி, மொகம் பேயறைஞ்சாப்ல இருக்கு?" என்றாள் ராணி.

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். இந்த ஊரில் அதைச் சொல்லத்தான் நிறையப் பேர் இருந்தார்கள்.

"ராணி, இப்ப ஒரு புயல் போச்சு. நீ வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டன்னு நெனச்சி குடைய எறக்கிட்டேன். எல்லார் மேலயும் கொஞ்சம் விழுந்திருக்கு. ஒம்மேலயும்."

ராணியின் கை தானாக வேலைச்சட்டையின் முன்பக்கத்துக்குப் போனது. "எறக்காம இருந்தா?"

"நீ அரங்கத்துல இருந்த. ஒண்ணும் விழுந்திருக்காது."

ரொசாரியோ ராணியின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா மைனி?"

பெரியவர்களுக்கு எவ்வளவு ஆகலாம் என்று அட்டவணை உண்டு. வயிற்றில் இருப்பவர்களுக்கு மதியூரில் அட்டவணை கிடையாது. அவர்களும் அலுவலகக் கணக்கில் இல்லாதவர்கள். ஒன்றும் ஆகாது, உறுதியாகச் சொல்கிறேன் என்ற வாக்கியம் ஜெசிந்தாவின் வாய்வரை வந்தது. அது யாருடைய குரலில் வருகிறது என்று கேட்டதும் விழுங்கிவிட்டாள்.

"தெரியல ராணி. ஆவாதுன்னுதான் நெனைக்கேன். ஆனா தெரியல."

"தெரியலயா? எல்லாம் தெரியும்னுதான ஒங்கள அங்க ஒக்கார வச்சிருக்காவ?" ராணியின் கண் நிறைந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் ஜெசிந்தாவின் மணிக்கட்டில் தணிகாசலத்தின் குரல் கத்தியது.

"மேடம், எங்க கீறீங்க? பின்னாலயே இன்னொண்ணு வருது! மொத லாரி ரோட்ட காலி பண்ணிட்டுப் போயிடுச்சா, இது இன்னும் வேகமா வருது. டைரக்டரு போன் பண்ணிட்டாரு, வழக்கம்போல சாய்ச்சிடுன்றாரு. என் ஒரு சாவியால எறக்க முடியாது!"

கூட்டம் அவர்களைக் கடந்து, திறந்த கதவு வழியாகத் தங்கள் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெண் பொட்டலத்தை மோந்து பார்த்து, "நாளைக்கு வச்சா கெட்டுடும்" என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

"போவாதீங்க!" என்று ஜெசிந்தா கத்தினாள். "எல்லாரும் அரங்கத்துக்கே திரும்புங்க!"

"அரங்கத்தப் பூட்டிட்டாவ அக்கா," என்றான் ரொசாரியோ. "கையத் தட்டி முடிச்சதும் வெளிய தள்ளிட்டானுவ. இத்தன பேரும் இப்ப வேற எங்க போயி ஒதுங்க?"

ராணி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "மைனி, இப்ப சாய்ச்சா எங்க விழும்?"

"இங்க. உங்க மேல."

"எறக்குனா?"

"எல்லார் மேலயும். ஒம்மேல ரெண்டாவது தடவ."

"அந்தப் பொன்னாட போத்துன தலைவரு மேலயும்?"

"அவரு மேலயும்."

ராணி ஒரு கணம் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். பிறகு ஜெசிந்தாவின் தோளில் கை வைத்து, கட்டுப்பாட்டறை இருக்கும் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

"அப்ப இங்க நின்னு என்னத்த பேசிட்டு இருக்கீய? ஓடுங்க மைனி!"